போர்டிகோவில் பிறந்தவள்

1

நான் அமெரிக்காவில் என்ன வேலை பார்க்கிறேன் என்பது ஆந்திராவில் இருக்கும் எங்கள் ஊர் சித்தூரில் இன்றுவரை யாருக்கும் சரியாக விளங்கியதில்லை. ஆஸ்பத்திரிக்கு வேலை செய்கிறேன் என்றால் நர்ஸ் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நர்ஸ் இல்லை என்றால், “அப்ப டாக்டருக்குப் பட்ச்சியா?” என்கிறார்கள். போன வருடம் ஊருக்குப் போனபோது, எங்கள் சபையின் பாடகர் குழுவில் இருக்கும் ஒரு அக்கா, ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் புடவையைக் கணுக்கால்வரை தூக்கி வீக்கத்தைக் காட்டி, “எஸ்தரு, இத்த கொஞ்சம் பாரேன்” என்றார். பார்த்தேன். வேறென்ன செய்வது? அந்த வீக்கத்துக்கு என்ன எண் என்று எனக்குத் தெரியும். என்ன மருந்து என்று தெரியாது.

என் வேலை எண் போடுவது. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஒருவர் வருகிறார். டாக்டர் பார்த்து, என்ன நோய், என்ன செய்தோம் என்று கணினியில் எழுதிவைக்கிறார். அதை வரிவரியாகப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் உரிய குறியீட்டைப் போட்டு அனுப்ப வேண்டும். காப்பீட்டுக் கம்பெனிக்கு நோயாளியின் முகம் தெரியாது, அழுகை கேட்காது. எண் மட்டும்தான் புரியும். திருப்பதியில் பி.எஸ்ஸி. படித்துவிட்டு, சென்னையில் மெடிக்கல் கோடிங் வகுப்புக்குப் போய், அப்புறம் கல்யாணமாகி மிச்சிகனுக்கு வந்தவள் நான். இருபது வருடமாக இதுதான் என் சோறு.

அதிலும், அவசரப் பிரிவில் பிறக்கும் குழந்தைகளின் சார்ட்டுகள் பெரும்பாலும் என்னிடம்தான் வரும். மற்றவர்கள் தொட யோசிப்பார்கள். ஒரு நோயாளியாக உள்ளே வந்தவர் திடீரென்று இரண்டு நோயாளியாகிவிடுகிறார் அல்லவா? அம்மாவின் விஷயம் குழந்தையின் சார்ட்டில் வரக் கூடாது. குழந்தையின் விஷயம் அம்மாவுடையதில் வரக் கூடாது. குழந்தைக்குப் பெயர் கிடையாது. அப்படி ஒரு ஆள் உலகத்தில் இருப்பதே காப்பீட்டுக் கம்பெனிக்குத் தெரியாது. எங்கே பிறந்தது என்பதற்குத் தனி எண் உண்டு. ஆஸ்பத்திரிக்கு உள்ளே என்றால் ஒன்று, வெளியே என்றால் இன்னொன்று. லிஃப்டில் பிறந்தவை, ஆம்புலன்ஸில் பிறந்தவை, வாகன நிறுத்தத்தில் பிறந்தவை என்று எத்தனையோ குழந்தைகளைப் படித்திருக்கிறேன்.

படித்திருக்கிறேன், அவ்வளவுதான். பார்த்ததில்லை. வீட்டின் கீழ்த்தளத்தில், பக்கத்து வீட்டு கராஜ் கதவு தெரிகிற ஜன்னலோரத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவள் நான். என் மகள் ஹேனா பிறந்தது ஆபரேஷனில். நான் மயக்கத்தில் கிடந்தேன். கண் விழித்தபோது அவளைத் துடைத்துத் தொப்பி போட்டுப் பக்கத்தில் வைத்திருந்தார்கள்.

இந்த வாரம் எங்கள் மிரியம் குட்டிக்கு ஒரு வயது முடிகிறது. அவள் பிறந்த கதையை எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

2

போன வருட விடுமுறைக்கு ஊருக்குப் போவது என்று முடிவானபோது, ஹேனா அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். பதினேழு வயது. அந்த வயதில் எங்கள் வீட்டில் கதவு சாத்துவதுதான் பேச்சு. அவள் சிநேகிதிகள் எல்லோரும் ஏரிக்கரையில் முகாம் போடப் போகிறார்களாம். அவள் மட்டும் அனல் காற்றில் சித்தூரில் உட்கார்ந்து, தெரியாத மாமிகள் கன்னத்தைக் கிள்ளக் காட்டிக்கொண்டிருக்க வேண்டுமாம்.

சிறுமியாக இருந்தபோது ஞாயிறு தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பினோம். ‘நான் உணவு உண்டேன்’ என்று எழுதக் கற்றுக்கொண்டாள். நானும் அவள் அப்பா சாமுவேலும் அப்படி ஒருநாளும் பேசாததால், யாரோ பொய் சொல்கிறார்கள் என்று நினைத்தாளோ என்னவோ, ஒருநாள் போக மாட்டேன் என்றுவிட்டாள். அதன் பிறகு நான் தமிழில் கேட்பதும் அவள் ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வதுமாக ஓடிக்கொண்டிருந்தது. கோபமாக இருந்தால்கூடப் பரவாயில்லை. மரியாதையாக இருந்தாள். அதுதான் எனக்குப் பயம்.

சாமுவேலுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நானும் அவளும் மட்டும் கிளம்பினோம். ஹைதராபாத் வந்து, அங்கிருந்து சின்ன விமானத்தில், திருப்பதி விமான நிலையம் இருக்கும் ரேணிகுண்டாவில் காலையில் இறங்கினோம். வழி முழுக்க அவள் காதில் இருந்த இயர்போனைக் கழற்றவில்லை.

வெளியே அண்ணன் தேவதாஸ் காத்திருந்தார். மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்தில், எட்டு மாத வயிற்றைத் தள்ளிக்கொண்டு அவர் மகள் ஷீபா. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“ஏன்டி, இந்த நிலைமையில சித்தூர்லருந்து இம்மாந் தூரம் வரலாமா?”

“அத்தையக் கூப்டுக்கினு வர நான் போவாத யாரு போவாங்க? டெலிவரிக்கு இன்னும் ஒரு மாசத்துக்கு மேல கீது அத்தே” என்று என்னைக் கட்டிக்கொண்டாள். வயிறு குறுக்கே நின்றதால் பாதிதான் கட்ட முடிந்தது. பிறகு ஹேனாவைப் பார்த்து, “இன்னாடி இவ்ளோ ஒசரமாயிட்ட!” என்றாள்.

ஹேனா “ஹாய்” என்றாள்.

3

அண்ணன் கார் ஓட்டுவதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கணக்கு வாத்தியார் அல்லவா, ஒவ்வொரு வளைவையும் கணக்குப் போட்டுத்தான் திரும்புவார். மாட்டு வண்டி எங்களை முந்திய நாட்கள் உண்டு. ரேணிகுண்டா தாண்டி, திருப்பதிக்குள் போகாமல் சித்தூர் போகும் புறவழிச் சாலை பிரியும் இடம் நெருங்கியபோது, முன்சீட்டில் இருந்த ஷீபா பேச்சை நிறுத்தினாள். அதுவரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தவள்.

“அத்தே, இடுப்பு ஒரு மாரி கீது.”

“எப்பலருந்து?”

“காத்தாலருந்தே. நீங்க வர்ற சந்தோசத்துல யார்கிட்டயும் சொல்லல.”

சொல்லி முடிப்பதற்குள் பனிக்குடம் உடைந்துவிட்டது. அண்ணன் காரை ஓரமாக நிறுத்தினார். அந்தப் பதற்றத்திலும் இண்டிகேட்டர் போட்டுத்தான் நிறுத்தினார். ஷீபாவைப் பின்சீட்டுக்கு மாற்றினோம். ஹேனாவின் மடியில் தலை. கால்மாட்டில் நான். பெட்டிகள் முன்சீட்டுக்குப் போயின.

“சித்தூர்ல நம்ப டாக்டரம்மா கீறாங்க. ஒண்ணர மணி நேரத்துல பூட்லாம்” என்றார் அண்ணன்.

“நைனா, எங்க டாக்டரம்மா கிட்டயே போ. அவங்க இல்லாத நான் பெத்துக்க மாட்டேன்” என்றாள் ஷீபா.

குழந்தையை யாரும் கேட்கவில்லை. ஆனால் அது முடிவு செய்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. வலிக்கும் வலிக்கும் இடையே அவளுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கவில்லை. என் சார்ட்டுகளில் ‘வழியில் பிரசவம்’ என்று ஒரே ஒரு வரி வரும். அந்த வரிக்கு முன்னால் எப்போதும், வலி இடைவிடாமல் வந்தது என்றுதான் எழுதியிருக்கும்.

“அண்ணா, சித்தூர் வேணாம். திருப்பதிக்குள்ள திருப்பு. முதல்ல வர்ற ஆஸ்பத்திரி” என்றேன். அண்ணனிடம் நான் அப்படி அதட்டிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் உடனே திருப்பினார்.

ஊருக்குள் நுழைந்ததும் வண்டிகள் நகரவில்லை. மலைக்குப் போகிற வேன்கள், மலையிலிருந்து மொட்டைத் தலைகளோடு இறங்கி வருகிற வேன்கள். அண்ணன் ஹாரன் அடித்தார். திருப்பதியில் ஹாரனுக்கு யார் திரும்பிப் பார்ப்பார்கள்? அப்போது ஹேனா, மடியில் இருந்த தலையை அசையாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக் கத்தினாள். “பேபி! பேபி! ப்ளீஸ்!”

பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். பின்சீட்டைப் பார்த்தார். “பேபியா? ராண்டி, நா வெனக ராண்டி!” என்று தன் பின்னால் வரச் சொல்லிவிட்டு, ஆட்டோவை எங்களுக்கு முன்னால் குறுக்கே விட்டார். ஒரு கையால் ஹாரன், இன்னொரு கையை வெளியே நீட்டி எல்லா வண்டியையும் ஓரங்கட்டிக்கொண்டே போனார். அண்ணன் வாழ்க்கையில் முதல்முறையாக ஆக்சிலேட்டரை மிதித்தார். தவறான பக்கத்தில்கூடப் போனோம். “ஏசுவே, மன்னிச்சிடு” என்று சொல்லிக்கொண்டே போனார்.

4

அந்த ஆஸ்பத்திரியின் வாசலில் பெரிய போர்டிகோ. கார் அதன் கீழே நின்றதும் ஆட்டோக்காரர் உள்ளே ஓடினார். ஒரு சிஸ்டர் கையுறை மாட்டிக்கொண்டே ஓடிவந்தார். சரோஜா என்று அவர் பெயர் பிறகுதான் தெரிந்தது. பின்னால் ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு இரண்டு பேர்.

சரோஜா சிஸ்டர் கதவைத் திறந்து பார்த்தார். “ஸ்ட்ரெச்சர் ஒத்து! டைம் லேது!” என்று, ஸ்ட்ரெச்சருக்கெல்லாம் நேரமில்லை என அவர்களை விரட்டிவிட்டு, ஷீபாவிடம், “ஏம்மா, முக்காத நீ, மெல்ல ஊது, ஊது” என்றார். ஷீபா ஹேனாவின் கையைப் பிடித்திருந்தாள். ஹேனா, “ஊது அக்கா, ஊது” என்றாள். ஊதுவது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. ஆனால் ஊதிக் காட்டினாள்.

அவ்வளவுதான். குழந்தை சிஸ்டரின் இரண்டு கைகளுக்குள் வந்து விழுந்தது.

பெண். மிகச் சின்னவள். நீலம் பாரித்திருந்தாள். அழவில்லை.

சிஸ்டர் தொப்புள்கொடியைக் கிளிப் போட்டு வெட்டி, குழந்தையைத் துணியில் சுருட்டிக்கொண்டு ஓடினார். நான் பின்னால் ஓடினேன். யாரும் தடுக்கவில்லை. அவசரப் பிரிவில் ஒரு இளம் டாக்டர், விளக்குக்குக் கீழே குழந்தையைப் போட்டு முதுகைத் தேய்த்தார். மூக்கில், வாயில் இருந்ததை உறிஞ்சி எடுத்தார். மறுபடி தேய்த்தார். பிறகு உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு முகமூடியை அவள் முகத்தில் வைத்து, அதோடு இருந்த பையை விரல்களால் அமுக்க ஆரம்பித்தார்.

எனக்கு இது அத்தனையும் தெரியும். ‘துடைத்துத் தூண்டியும் மூச்சு வரவில்லை. முகமூடி வழியே காற்று கொடுக்கப்பட்டது. குழந்தை அழுதது.’ மூன்று வாக்கியம். எத்தனை முறை படித்திருப்பேன். ஒரு கையில் காபிக் கோப்பையோடு படித்துவிட்டு, எண்ணைப் போட்டு, அடுத்ததற்குப் போயிருக்கிறேன். இரண்டாவது வாக்கியத்துக்கும் மூன்றாவதுக்கும் நடுவே ஒரு புள்ளிதான் இருக்கும். அந்தப் புள்ளிக்குள் நான் நின்றுகொண்டிருந்தேன். அதற்குள் இவ்வளவு இடம் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அண்ணன் முகம், சித்தூரில் எங்களுக்காகப் பிரியாணி செய்துகொண்டிருந்த அண்ணி, நாயுடுபேட்டையில் வேலையில் இருந்த ஷீபாவின் புருஷன் பிரவீன், எல்லோரும் அதற்குள் வந்துபோனார்கள். ஜெபம் செய்ய வாய் வரவில்லை. முகமூடி வழியே காற்று கொடுப்பதற்கு உரிய எண்ணை நினைக்கப் பார்த்தேன். அதுவும் வரவில்லை.

டாக்டர் பையை அமுக்கிக்கொண்டே இருந்தார். சிஸ்டர் அந்தச் சின்ன மார்பில் விரல் வைத்தபடி, “கொட்டுக்குந்தி சார், கொட்டுக்குந்தி” என்றார். இதயம் அடிக்கிறதாம்.

முதலில் ஒரு தும்மல் மாதிரி வந்தது. பிறகு கால் ஒன்றை உதைத்தாள். பிறகு அழுதாள். அழுகை என்று சொல்வதைவிடக் கோபம் என்று சொல்வது பொருத்தம். யாரைக் கேட்டு என்னை எழுப்பினீர்கள் என்கிற மாதிரி. நீலம் சிவப்பாக மாறியதை நான் கண்ணால் பார்த்தேன்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் திரும்பிப் பார்த்து, “அம்மா, மீக்கு ஏமைந்தி?” என்றார். எனக்கு ஒன்றுமில்லை, சந்தோஷம் என்று எந்த மொழியில் சொன்னேன் என்று நினைவில்லை.

வெளியே அண்ணனும் ஆட்டோக்காரரும் தோளோடு தோள் நின்றிருந்தார்கள். “ஆடபில்லா, மகபில்லாடா?” என்று கேட்டார் ஆட்டோக்காரர். பெண் என்றதும் அண்ணனை இறுகக் கட்டிப்பிடித்துவிட்டு, வாசலில் காத்திருந்த வேறு யாரையோ ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை. எங்கள் குடும்ப ஜெபத்தில் இன்றைக்கும் அவர் ‘அந்த ஆட்டோ தம்பி’தான்.

5

மத்தியானம் பிரவீன் வந்து சேர்ந்தான். தொழிற்சாலை யூனிஃபார்மில், ஹெல்மெட்டைக் கழற்றாமலே மாடிப்படி ஏறிவந்து, குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடியில் டங்கென்று மோதிக்கொண்டான். உள்ளே இருந்த எல்லா சிஸ்டர்களும் சிரித்தார்கள். ஷீபாவுக்கு ஆபத்து எதுவும் இல்லை. குழந்தை எடை குறைவு. சில நாள் இன்குபேட்டரில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள்.

அப்புறம்தான் என் துறை வந்தது. பில் போடும் கவுண்டரில் லாவண்யா என்ற பெண் இருந்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். கணினியில் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

“மேடம், பேபி இன்பார்னா, அவுட்பார்னா? அது போடாத சிஸ்டம் முந்துகு போகல” என்றாள். உள்ளே பிறந்ததா, வெளியே பிறந்ததா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூமியின் அந்தப் பக்கம் இருபது வருடமாக என்னை விடாத கேள்வி, திருப்பதியில் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. உள்ளே என்றால் அம்மாவின் பிரசவத்தோடு சேர்ந்து பிரவீனுடைய கம்பெனிக் காப்பீட்டில் போய்விடும். வெளியே என்றால் குழந்தை தனி நோயாளி. பெயரில்லாத அந்த ஆளுக்காகக் காப்பீட்டுக்காரர்களோடு கடிதப் போக்குவரத்து நடத்த வேண்டும்.

“பாதி கார்ல, பாதி ஆஸ்பத்திரியில. அத்த எப்டிப் போடுவ?” என்று அண்ணன் கணக்குக் கேட்டார். வாசல் காவலாளி உள்ளே எட்டிப் பார்த்து, “போர்டிகோலனே சார், நேனு சூசா!” என்று சாட்சி சொன்னார்.

“எங்க ஊர்ல கார்ல பொறந்தா வெளியன்னுதான் போடுவோம். ஆனா டாக்டர் எப்படி எழுதியிருக்காருங்கறதுதான் முக்கியம்” என்று ஆரம்பித்தேன்.

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். “எங்க ஊரா? இது எந்த ஊரு உனக்கு?”

அதற்குள் லாவண்யா கண்களை விரித்துக்கொண்டு கேட்டாள்: “மேடம், மீரு கோடரா?” அவள் மாலையில் கோடிங் வகுப்புக்குப் போகிறாளாம். இதே கேள்வி பரீட்சையில் வரும் என்று அவள் சார் சொன்னாராம். சித்தூர், திருப்பதி இரண்டு ஊரிலும் என் வேலை என்னவென்று கேட்டவுடன் புரிந்துகொண்ட முதல் ஆள். அவளைக் கவுண்டரைத் தாண்டிக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

மிச்சிகனில் இந்த மாதிரி சந்தேகம் வந்தால் டாக்டருக்கு எழுத்தில் கேள்வி அனுப்ப வேண்டும். கேள்வியில் பதில் தொனிக்கக் கூடாது. அதற்கே விதி உண்டு. பதில் வர நாளாகும். நினைவூட்ட வேண்டும். இங்கே அந்த இளம் டாக்டர் நடைவழியில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். மூவரும் போய்க் கேட்டோம். அவர் கண்ணாடிக் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார்.

“மா சிஸ்டர், எங்க சிஸ்டர் கையில தான வந்து உளுந்துச்சு பேபி?”

“ஆமா சார்.”

“அப்ப எங்க ஆஸ்பத்திரியில தான் பொறந்துச்சு. லோப்பலன்னே போடு லாவண்யா. நான் நோட்ல எழுதறேன். போர்டிகோ, மா ஸ்டாஃப் டெலிவரி பண்ணாங்கன்னு.”

உள்ளே பிறந்ததாகவே எழுதினார். இத்தனை வருடத்தில் இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட ஒரு குறிப்பை நான் படித்ததில்லை.

6

மறுநாள் ஹேனாவைச் சித்தூருக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. முதல் நாளே வந்து மகளையும் குழந்தையையும் பார்த்துவிட்டுப் போன அண்ணி இரண்டாவது தடவையாகப் பிரியாணி செய்திருந்தார். ஹேனா வர மாட்டேன் என்றாள். “நான் இங்கேயே இருக்கேன்” என்றாள். தமிழில். எனக்கு முதலில் உறைக்கவே இல்லை. பெட்டியை எடு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு லாட்ஜில் அறை எடுத்தோம். குழந்தையை அம்மாவின் மார்போடு தோல் படச் சேர்த்து வைத்துக்கொண்டால் சீக்கிரம் தேறும் என்று சரோஜா சிஸ்டர் ஷீபாவுக்குப் பழக்கினார். ஷீபா அசந்து தூங்கும் நேரத்தில் யார் வைத்துக்கொள்வது என்று பேச்சு வந்தது. நான் கையைத் தூக்குவதற்குள் ஹேனா எழுந்து நின்றுவிட்டாள். சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். “உக்காரும்மா. ஒடம்புச் சூடு யார்தா இருந்தா இன்னா” என்றார் அவர்.

ஹேனா போனை என்னிடம் கொடுத்தாள். கொடுத்த கையோடு மறந்தும்போனாள். கையைக் கழுவி, பச்சை அங்கி மாட்டி, சாய்வு நாற்காலியில் அமர்ந்து, நெஞ்சுக்குள் அந்தச் சின்னத் தலையை வைத்துக்கொண்டாள். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். அவள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள், குழந்தை விழித்துவிடுமோ என்று. பிறகு மெல்ல மெல்ல இரண்டு பேரும் ஒரே தாளத்தில் மூச்சுவிட்டார்கள்.

காத்திருப்பு அறையில் ஏர்பேடு, ஸ்ரீகாளஹஸ்தி, புத்தூர் என்று எங்கெங்கிருந்தோ வந்த பெண்கள். பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் தெலுங்கு. எல்லோரும் எல்லோருடைய குழந்தையின் எடையையும் விசாரித்துக்கொண்டார்கள். ஹேனா அவர்களுக்கு நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்து தமிழ் கற்றுக்கொண்டாள். நான் அவளுக்குச் சொல்லித்தராத தமிழ். மிச்சிகனுக்கு வந்த புதிதில், தமிழ்ச் சங்கத்தில் யாராவது சிரித்துவிடுவார்களோ என்று நான் நாக்கிலிருந்து உரித்து எடுத்த தமிழ்.

“அக்கா, துன்னியா?” என்று கேட்பாள் யாரையாவது பார்த்து. “இன்னும் இல்ல கண்ணு” என்று அவர்கள் சொன்னால், தன் பொட்டலத்தைப் பிரித்து நீட்டுவாள்.

குழந்தைக்குக் கொஞ்சம் எடை கூடி, பால் குடிக்கப் பழகி, வீட்டுக்கு அனுப்பிய நாளில் சரோஜா சிஸ்டர் வாசல்வரை வந்தார். அண்ணன் அன்றைக்குக் கார் ஓட்டிய வேகத்தைப் பார்த்துச் சைக்கிள்காரர்கள் பொறுமை இழந்தார்கள். வழி நெடுக ஹேனா, “மாமா, மெல்ல போ” என்றாள். அதற்கு மேல் மெல்லப் போனால் நின்றுவிட வேண்டியதுதான்.

அடுத்த ஞாயிறு சபையில் குழந்தைக்கு மிரியம் என்று பெயரிட்டு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். போதகர் ஐயர் அவள் தலையில் தண்ணீரை ஊற்றியதும் ஊரே கேட்கும்படி அழுதாள். பாடகர் குழு பாட்டை நிறுத்திவிட்டுச் சிரித்தது. சபைப் பதிவில்தான் மிரியம். தெருவில் அவள் பெயர் போர்டிகோ. பால்காரர்கூட, “போர்டிகோ பாப்பா எப்டி கீது?” என்றுதான் கேட்கிறார்.

7

திரும்பி வந்த முதல் வாரமே மிச்சிகன் தமிழ்ச் சங்கத்தில் ஒரு விருந்து. ஹேனா தானாகக் கிளம்பி வந்தாள். தட்டோடு நின்ற ஒரு அம்மையாரிடம் போய், “ஆன்ட்டி, துன்னீங்களா?” என்று அன்போடு கேட்டாள். அந்த அம்மையாரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். பழைய எஸ்தராக இருந்தால் ஓடிப்போய்த் திருத்தியிருப்பேன். “எங்க சித்தூர்ல அப்டித்தான் கேப்பாங்க” என்றேன். சாமுவேல் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

லாவண்யா கோடிங் தேர்வில் தேறிவிட்டாள். இப்போது சென்னையில் ஒரு கம்பெனியில், எங்கள் அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் சார்ட்டுகளையே பார்க்கிறாள். சந்தேகம் வந்தால் செய்தி அனுப்புவாள். சில நேரம் எனக்குச் சந்தேகம் வந்து அவளுக்கு அனுப்புகிறேன். என் வேலையில் வெளியே தெரிகிற மாற்றம் ஒன்றுமில்லை. குழந்தை அழுதது என்ற வரி வருகிற சார்ட்டுகளில் மட்டும் கொஞ்சம் தாமதமாகிறது. மேலதிகாரி ஒருமுறை கேட்டார். கவனமாகப் படிக்கிறேன் என்றேன். பொய் இல்லை.

இந்த வருட விடுமுறைக்கு எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அப்படியானால் தான் மட்டும் போவதாக ஹேனா சொன்னாள். பகுதிநேர வேலை பார்த்து டிக்கெட்டுக்குச் சேர்த்தும் வைத்திருந்தாள். போய் இரண்டு வாரமாகிறது. இன்று காலை இங்கே நான் காபி போட்டபோது அங்கே சாயங்காலம், பிறந்தநாள் கூட்டம். வீடியோவில் கூப்பிட்டேன். பலூனும் தலைகளுமாக ஒரே இரைச்சல். ஷீபா கையசைத்தாள். அண்ணன் கேக்கைச் சம பங்காக வெட்டுவதற்கு ஸ்கேல் தேடிக்கொண்டிருந்தார். மிரியம் யாருடைய செருப்பையோ இழுத்துக்கொண்டு தவழ்ந்து ஓட, ஹேனா துரத்திப் பிடித்து இடுப்பில் தூக்கிக்கொண்டாள்.

“ஹேனா, எப்படிடி இருக்க? ஒழுங்கா சாப்பிடறியா? வெயில்ல அலையாத” என்று நான் ஆரம்பித்தேன். சொல்வதற்கு நிறைய வைத்திருந்தேன்.

அவள் திரையைப் பார்க்கவில்லை. குழந்தையின் வாயிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டிருந்தாள். “அம்மா, இங்க வேல கீது மா. அப்பறம் பண்றேன், இன்னா?” என்றாள். அழைப்பைத் துண்டித்துவிட்டாள்.

சித்தூரிலிருந்து யார் கூப்பிட்டாலும் இருபது வருடமாக நான் சொல்லிக்கொண்டிருந்த பதில் அது. கேட்கிற பக்கத்தில் இருந்தால் அது எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மாடியிலிருந்து இறங்கி வந்த சாமுவேல், “யாரு போன்ல?” என்றார்.

“ஊர்லருந்து” என்றேன்.